பனிக்குள் எத்தனை பேர்

நடந்ததை நடந்தபடியே சொல்கிற கதை இது. ஒரு எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அறப்பளீஸ்வரர் கோயிலில் சாமியாகக் கும்பிடுகிற ஆற்று மீன்கள் மேல் சத்தியம்.

“வடக்கு வாசலை அடைச்சாச்சு. இனி எந்தப் பக்கமா வருவானோ, சாமி!” என்று முனகினான் பூபாலன். கோட்டையைச் சுற்றிலும் வெள்ளைப் பனி. அதற்குள் ஒளிந்திருப்பவன் ஒருவனா, ஒரு படையா, தெரியவில்லை.

“கம்ப்யூட்டர்தானே சார், கடிக்காதுங்க” என்றாள் ரோஸ்லின்.

மலைமேல் சோளக்காட்டில் அவர்கள் வேலை பார்த்த சின்ன ஆபீஸுக்கென்று வந்த ஒரே கம்ப்யூட்டர். அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்துதான் அவள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் லீவு என்று அதிகாரி சொல்லிவிட்டார். ரோஸ்லினுக்குப் பண்டிகை. பூபாலனுக்கோ அன்றைக்கு ராசிபுரத்தில் பெண் பார்க்கும் நாள். ஜாதகம் பொருந்தி வருவதே அதிசயமாகிவிட்ட வயது அவனுக்கு.

அதனால் இந்த ராஜ்ய விளையாட்டு. சாயங்கால பஸ் வந்து நிற்கும்வரை பூபாலனின் கோட்டை விழாதிருந்தால் லீவு அவனுக்கு, விழுந்தால் அவளுக்கு. மேப்பை அமைத்துக் கொடுத்தவள் ரோஸ்லின். என்ன அமைத்தாள் என்பதைத்தான் காட்டவில்லை.

“காடு எங்க, ஆறு எங்க, எதிரி எத்தனை பேருன்னு முதல்லயே காட்டோணுமுங்க. அதானே நியாயம்?”

“எல்லாத்தையும் காட்டிட்டா அது கணக்குப் பரீட்சைங்க சார். மறைச்சு வெச்சாத்தான் ஆட்டம்.”

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்னையவிடப் பலசாலியா?”

“உங்களைவிடப் பலசாலி அதுல யாருமே இல்லீங்க.”

அந்தப் பதில்தான் அவனை இன்னும் பயமுறுத்தியது. பலமில்லாதவன் என்றால் கட்டாயம் சூழ்ச்சிக்காரனாக இருப்பான். உழுதுகொண்டிருந்த குடிகளையெல்லாம் கூப்பிட்டுக் கையில் ஈட்டியைக் கொடுத்தான். மதிலுக்கு வெளியே இன்னொரு மதில் எழுப்பினான். வேவு பார்க்க ஆள் அனுப்ப மட்டும் துணிச்சல் வரவில்லை. கதவைத் திறக்கிற நேரத்தில் உள்ளே பாய்ந்துவிட்டால்?

“வெளுத்துப்போயிட்டீங்க சார். ரெண்டு சுளை சாப்பிடுங்க.”

“பேசாதீங்க! சத்தம் கேட்டு வந்துருவான்.”

ஓட்டின் மேல் குரங்கு குதித்தது. பூபாலன் நாற்காலியோடு சரிந்தான். எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியேயும் பனி ஏறி, பலாமரத்தைக் காணவில்லை. எது திரை, எது மலை என்று ஒரு கணம் அவனுக்குப் பிடிபடவே இல்லை.

தூரத்து வளைவில் பஸ் ஹாரன் கேட்டது.

“பொழச்சேனுங்க!” என்று அவன் சொல்லி வாய் மூடவில்லை, திரையில் கோட்டைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து! விதைக்க ஆளில்லாமல் களஞ்சியம் காலி. பசி தாங்காத குடிகள் மூட்டை முடிச்சோடு வெளியேற, ராஜாவின் கொடி சாய்ந்தது.

பூபாலன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். “அந்தப் பனிக்குள்ள எத்தனை பேருங்க வெச்சிருந்தீங்க?”

ரோஸ்லின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஒருத்தனைக்கூட வெக்கலீங்க சார். வாரேனுங்க.”

இவ்வளவும் அப்படியே நடந்தது. கம்ப்யூட்டர் வந்த அந்த அட்டைப்பெட்டியைத்தான் இன்றுவரை யாரும் பிரிக்கவில்லை; ஒட்டின டேப் ஒட்டினபடியே இருக்கிறது.