பின்வாசல் நீலம்

சமரசக் கூடத்தின் பின்கதவில் சாயங்கால வெயில் விழுந்து புது நீலம் பளபளக்கிறது. சண்டைக் கும்பல்களை உட்கார வைத்துப் பேச இந்தக் கூடத்தை நடத்துகிற பெயின்டர் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவரும் ஒரு காலத்தில் கத்தியோடு திரிந்தவர்தான். அந்த அனுபவத்தில்தான் ஒரு கும்பலுக்கு முன்வாசல், இன்னொன்றுக்குப் பின்வாசல், முகம் பார்ப்பதெல்லாம் மேசையில் உட்கார்ந்த பிறகு என்று விதி போட்டார். ஐந்து வருடமாக யார்மேலும் ஒரு கீறல் விழவில்லை. இன்று காலைப் பேச்சுக்குக் கூடம் லட்சணமாக இருக்கட்டுமே என்று, விடிந்ததும் கதவுக்கு நீலம் பூசி, 'பெயின்ட் ஈரம், முன்வாசலில் வரவும்' என்று அட்டையும் மாட்டினார். பின்வாசலுக்கு வந்த கும்பல் அதைப் படித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய், முன்படியிலேயே மற்றக் கும்பலோடு முட்டிக்கொண்டது. அந்தப் படியை யாரோ தேய்த்துக் கழுவும் சத்தம் இன்னும் கேட்கிறது. செத்தவனின் அக்கா, தம்பியின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்காருகிறாள். "வரமாட்டேன்னுதான் சொன்னான். பெயின்டரண்ணன் இருக்காரு, தைரியமாப் போடான்னு நான்தான் அனுப்பி வச்சேன்" என்கிறாள். அவள் அட்டையை நிதானமாகப் படிக்கிறாள். எழுந்துபோய் ஒரு விரலால் கதவைத் தொட்டு, அந்த விரலை அவரிடம் காட்டுகிறாள். "காஞ்சிடுச்சுண்ணே."