நாடித்துடிப்புச் சான்று

பொய்ப்படங்கள் மலிந்துபோனதால், போர்முனைக் காணொளி எதுவானாலும் எடுத்தவரின் நாடித்துடிப்பும் கூடவே பதிவாகியிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. துடிப்பு எகிறியிருந்தால் உண்மை. சீராக இருந்தால் போலி.

எந்த நிறுவனத்தையும் சாராத போர்ச் செய்தியாளர்களுக்குச் சென்னையிலிருந்து நிதி திரட்டி அனுப்புவது ஹெலனின் வேலை. அவர்களில் பழுத்த அனுபவசாலி அவள் ஊர்க்காரன் சுடலைமணி. குண்டு விழுந்த மருத்துவமனையை அவன் எடுத்தனுப்பிய காணொளியை, சரிபார்ப்பு மென்பொருள் மறுபடியும் போலி என்று தள்ளிவிட்டது. இத்தனை வருடப் போருக்குப் பிறகு அவன் நெஞ்சு எதற்கும் பதறுவதில்லை.

"பிள்ளைங்க கிடக்கிறதப் பாத்தும் நாடி ஏறமாட்டேங்குதுக்கா. நானே செத்துட்டேனோன்னு தோணுது," என்றான் போனில்.

"அப்படிச் சொல்லாதலே. எடுக்கும்போது தெருவுல கொஞ்சம் ஓடு. மூச்சு வாங்கினா நாடி தன்னால ஏறிரும்."

"ஏமாத்து வேலைல்லாக்கா?"

"நீ பாத்தது நெசந்தானலே? ஓடு."

சாயங்காலம் காணொளி நேரலையாகவே வரத் தொடங்கியது. புழுதித் தெரு, அவனுடைய மூச்சிரைப்பு, நெருங்கி வரும் மருத்துவமனை வாசல். அந்த ஊரில் மட்டும் ஓடாதீர்கள், ஓடுகிறவனைத்தான் சுடுவார்கள் என்று புதிதாகப் போகிற ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறவளே அவள்தான். அது நினைவுக்கு வந்தபோது படம் சாய்ந்து வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. மூலையில் நாடி எண் எகிறியது, பிறகு இறங்கிக்கொண்டே போய் நின்றது.

சற்று நேரத்தில் திரையில் பச்சைக் குறி விழுந்தது: உண்மை.