ஒரு குண்டூசிக் குத்துக்காகக் காத்திருந்த மழை அட்டை

இரண்டாம் வகுப்பில் தினமும் காலையில் ஒரு பிள்ளை வானத்தைப் பார்த்துவிட்டு, வானிலைப் பலகையில் அதற்குரிய அட்டையைக் குத்த வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து வெயில் அட்டைக்குத்தான் யோகம். அதன் நெற்றி முழுக்கக் குண்டூசி ஓட்டை. மழை அட்டையோ ஓர் ஓட்டைகூட இல்லாமல் டப்பாவில் புத்தம்புதிதாகக் கிடந்தது.

"நான் ஏறுற அன்னிக்குப் பாரு, வகுப்பே கை தட்டும்!" என்று அது தினமும் சொல்லும்.

"ஏறினாத்தானே!" என்று பலகையிலிருந்து வெயில் சிரிக்கும்.

அன்றைக்கு மெர்சியின் முறை. வெளியே திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. மெர்சி வெயிலைக் கழற்றி மேஜையில் போட்டாள். மழை அட்டையைக் கையில் எடுத்தாள். குண்டூசியையும் எடுத்தாயிற்று. மழை அட்டைக்கு மூச்சே நின்றுவிட்டது.

கூரைத் தகரம் தடதடவென்று அதிர்ந்தது. "ஏ, மழை!" என்று கத்திய மெர்சி, அட்டையை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மழையில் நனைய வெளியே ஓடினாள். பின்னாலேயே மொத்த வகுப்பும் ஓடியது. அவர்களைப் பிடித்துவரப் போன டீச்சரும் திரும்பி வரவில்லை.

"போச்சா! உன்னை மறந்தே போயிட்டாங்களே," என்றது வெயில்.

மழை அட்டையின் முகமெல்லாம் சாரல். வரைந்திருந்த நீலத் துளிகள் கரைந்து வழிந்தன.

"சும்மா இருப்பா! இன்னும் கொஞ்சம் காத்தடிச்சா நானும் அவங்களோட மழையில குதிச்சிடுவேன்!" என்றது மழை அட்டை.