அடுப்பு கேட்ட பூ

மசக்கையில் எதைத் தின்றாலும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த தாரணி, பண்ணைக்கீரை கடைந்து தந்தால் ஒரு வாய் சோறு உண்பேன் என்றாள். அவள் அம்மா வளர்மதி சோளக்காட்டுக்குப் போய், மழைக்கு முளைத்ததை இளசாகப் பார்த்து ஒரு மடி நிறையக் கிள்ளி வந்தாள். அடுப்புதான் பற்ற மாட்டேன் என்றது. காட்டில் பறித்ததை இன்னதென்று உறுதி செய்துகொள்ளாமல் எந்த வீட்டு அடுப்பும் பற்றக் கூடாது என்பது சட்டம்.

"இலை மட்டும் போதாது. பூவைக் காட்டுங்கள்," என்றது அடுப்பு.

"பூக்காததைப் பாத்துத்தான கிள்ளிட்டு வந்தேன்? பூத்துப்போச்சுன்னா அதை ஆரு திம்பாங்க?"

"உங்கள் பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறோம். பூவைக் காட்டுங்கள்."

வளர்மதி இலையைத் திருப்பிக் காட்டினாள். தண்டைக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரியைச் சாட்சிக்கு இழுத்து வந்தாள். அடுப்பு மசியவில்லை. கீரை வாடிப்போனது.

காட்டில் மிச்சமிருந்த கீரை பூப்பதற்குள் தாரணி பாதியாக இளைத்துவிட்டாள். வெள்ளையும் ரோஸுமாகக் கதிர்விட்ட ஒரு செடியை வளர்மதி வேரோடு பிடுங்கி வந்து அடுப்பின் முன் நீட்டினாள். அடுப்பு உடனே பற்றிக்கொண்டது.

"பண்ணைக்கீரை. உண்ணலாம். ஆனால் முற்றிவிட்டது. அடுத்த முறை பூப்பதற்கு முன்பே பறித்துவிடுங்கள்."

உள்ளறையிலிருந்து தாரணி கூப்பிட்டாள்.

"கீரை வேண்டாம்மா. நேத்து இடிச்ச இடிக்குப் புத்துக்காளான் மொளைச்சிருக்குமில்ல? அதைக் கொஞ்சம் வறுத்துக் குடு."

வளர்மதி வாயைத் திறப்பதற்குள் அடுப்பு அணைந்தது.

"காளானா? பூவைக் காட்டுங்கள்."