சுப்ராய ஹெக்டே சுவிட்சை அணைத்தார்

சுப்ராய ஹெக்டே விறுவிறுவென்று மாடி ஏறினார். இன்டர்நெட் கம்பத்தின் சுவிட்சைப் பட்டென்று அணைத்தார்.

"ஊர் முழுக்க நெட் செத்துச்சு. தவிக்கட்டும்!"

எல்லாம் ஒரு சால்வைக்காக. ஊருக்கு நெட் வர தன் வீட்டு மாடியில் கம்பம் நட இடம் கொடுத்தவர் என்று, கோயில் விழாவில் ஜோஷிக்குச் சால்வை போர்த்தினார்கள். ஹெக்டேயும்தான் இடம் கொடுத்திருந்தார். அவர் பெயரை மைக்கில் சொல்ல மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான் விஷயம்.

"நம்ம வீட்லயும்தான் செத்துச்சு. ஹூப்ளிலேருந்து பேத்தி வீடியோவுல வருவாளே, அவளும் தவிக்கட்டுமா?" என்றார் மனைவி பாகீரதி.

"நீ சும்மா இரு. இப்ப பாரு, வரிசைல வந்து நிப்பாங்க."

காலையில் யாரும் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. ஹெக்டே பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார்.

"கேட் திறந்துதான் இருக்கு. நானே பாத்துட்டேன்," என்றார் பாகீரதி.

"நான் யாரையும் எதிர்பார்க்கல."

"தெரியுது. மோர் ஊத்தட்டுமா?"

சாயங்காலம் வந்தார்கள். முன்னே வந்தது நெட் கம்பெனியில் வேலை பார்க்கும் சுஷ்மா. அவள் பின்னால் மாலினி டீச்சரும் பாக்குத் தோட்டக்கார கேசவ நாயக்கும்.

"ஹெக்டேரே, நீங்கதான் மனசு வெக்கணும். பசங்க பாடம் அப்படியே நிக்குது," என்று டீச்சர் கும்பிட்டார்.

"பாக்கு என்ன விலைன்னே தெரியல. நீங்க இல்லேன்னா இந்த ஊரே இல்ல," என்றார் நாயக்.

சொல்லி முடிக்கவில்லை, அவர் சட்டைப் பையில் போன் டிங் டிங் என்றது.

"என்னய்யா அது?"

"அலாரம்." நாயக் பையை அமுக்கிப் பிடித்தார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்ல, அதுக்கு."

மாடு அலாரம் வைத்துத் தண்ணீர் குடிக்குமா என்றெல்லாம் ஹெக்டே யோசிக்கவில்லை. பெருமையில் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது.

"பாகீரதி, எல்லாருக்கும் மல்லி, சீரகம் தட்டிப் போட்டு சூடா பால் கஷாயம் கொண்டா!"

சுஷ்மா கறுத்துக்கொண்டு வந்த வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெக்டே இரண்டாவது டம்ளரையும் நிதானமாக ஊதி ஊதிக் குடித்தார். அப்புறம்தான் மாடி ஏறிச் சுவிட்சைப் போட்டார்.

டீச்சரும் நாயக்கும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். சுஷ்மா மட்டும் கம்பத்தைச் சரிபார்க்க மாடியில் நின்றாள்.

"பாத்தியா பொண்ணே? நான் அணைச்சேன், ஊரே என் வாசல்ல! அந்த ஜோஷி அணைச்சுப் பாக்கட்டும். ஒரு நாய்கூட எட்டிப் பாக்காது!"

சுஷ்மா சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஆமா. எட்டிப் பாக்கலதான்."

"என்ன சொல்ற?"

"போன மழைக்கு ஜோஷியும் உங்கள மாதிரியே ஏதோ கோவத்துல அணைச்சு வெச்சார். யாருக்குமே தெரியல. ஊரைச் சுத்தி நிக்கிற கம்பமெல்லாம் ஒரு வளையம், ஹெக்டேரே. ஒரு இடத்துல அறுந்தா, நெட் தானாவே மறுபக்கமா சுத்திப் போயிடும். இன்னிக்கும் உங்க வீட்டைத் தவிர எங்கயும் நிக்கல."

ஹெக்டே சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"ராத்திரி மழைல இன்னொரு பக்கமும் போச்சுன்னா, நடுவுல இருக்கிற வீடெல்லாம் அம்போ. அதுக்கு உங்க கம்பம் வேணும். அடுத்த கம்பம் ஜோஷியோடதாச்சே, உங்களுக்கு என்ன ஆச்சுன்னு அவரைத்தான் முதல்ல போய்க் கேட்டேன்."

"சரி... டீச்சரும் நாயக்கும்?"

"ஜோஷிதான் அனுப்பினார். 'அன்னிக்கு நான் வாசலையே பாத்துட்டு உக்காந்திருந்தேன், ஒருத்தரும் வரல. பாவம், சுப்ராயனுக்கு அப்படி ஆகக்கூடாது. போய் நாலு வார்த்தை கெஞ்சிட்டு வாங்க'ன்னு."