இரண்டு பத்தி நோட்டீஸ்

செயலாளருக்குத் தெரியாத வேலை உலகத்திலேயே கிடையாது. அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார். குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் காணாமல் போய், ஊரே வாளியும் கையுமாக அலைந்துகொண்டிருக்க, அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

பத்திரிகை மாதிரி இரண்டு பத்தியாக வரவேண்டுமாம். இடது பத்தியில் காவலாளியின் வண்டவாளம், வலது பத்தியில் தன்னுடைய புகழ்.

இடது பக்கம் 'மோட்டாரைத் திருடி விற்றவர்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே 'நம் காவலாளி'. ஸ்பேஸ் பாரை டொக்டொக்கென்று தட்டி வலது ஓரத்துக்குப் போய், மேல் வரியில் 'நம் செயலாளர்', கீழ் வரியில் 'நேர்மையின் சிகரம்'.

"காலம்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதை அமுக்கினா தானா ரெண்டா பிரியும்," என்றாள் மனைவி. "நீங்க தட்டுறது ஒரே வரிதான். நடுவுல வெறும் இடைவெளி."

"பாக்க ரெண்டா இருக்குல்ல? உன் வேலையைப் பாரு."

இந்த மனிதரிடம் சொல்வதும் சுவரிடம் சொல்வதும் ஒன்று. அவள் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனாள்.

மோட்டார் போன அன்றே செயலாளர் பழியைக் காவலாளிமேல் போட்டிருந்தார். வேலை போனால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒற்றை அறையும் போய்விடும். பெண்டாட்டி பிள்ளைகளோடு தெருவில்தான் நிற்கவேண்டும். நான் எடுக்கவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். எந்தத் திருடன்தான் ஒத்துக்கொண்டிருக்கிறான் என்று செயலாளர் எல்லோருக்கும் கேட்கும்படி உச்சுக்கொட்டினார்.

மறுநாள் கூட்டம். சங்கத் தலைவருக்குக் கண் தெரியாது. எதையும் செல்போனைப் படிக்கச் சொல்லித்தான் கேட்டுக்கொள்வார். செயலாளர் முதலில் அவருக்குத்தான் நோட்டீஸை அனுப்பியிருந்தார். எல்லோரும் கேட்கட்டும் என்று தலைவர் போனை மேஜைமேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

போனுக்குப் பத்தியும் தெரியாது, செயலாளரின் பவிசும் தெரியாது. இடைவெளியைத் தாண்டி, வரி வரியாகக் கணீரென்று வாசித்தது: "மோட்டாரைத் திருடி விற்றவர் நம் செயலாளர். நம் காவலாளி நேர்மையின் சிகரம்."

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு, இது ஸ்பேஸ் பார் செய்த கூத்து என்று விளக்க எழுந்தாள்.

அதற்குள் செயலாளர் முகமெல்லாம் வெளுத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கேட்டுவிட்டார்: "அந்தப் பழைய இரும்புக் கடைக்காரன் உங்ககிட்ட சொல்லிட்டானா?"