வலது மூலைக்கு வந்த பந்து
பேஸ்பால் மைதானத்தின் வலது மூலைக் காலரியில் பலகை இருக்கை வெயிலில் கொதிக்கிறது. வெர்னும் டுவைட்டும் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சண்டை போடுகிறார்கள். "அஞ்சாவது இன்னிங்ஸுக்குள்ள நாலு பிட்சர் வந்து போயாச்சு. அடுத்து யாருய்யா பந்து வீசுவான், பாப்கார்ன் விக்கிறவனா?" என்கிறார் டுவைட். "அதை விடுய்யா," என்கிறார் வெர்ன். "இடது கையால அடிக்க நம்மகிட்ட ஒருத்தன் இருக்கானா? அவன் அடிச்சாத்தானே பந்து இந்தப் பக்கம் வரும்! மே மாசத்துலேர்ந்து இங்க விழுந்ததெல்லாம் எதிராளி பந்து." காலரியில் விழும் பந்து எடுத்தவருக்கே சொந்தம். ஆனால் எதிராளி அடித்த பந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது இங்கே மானக்கேடு, களத்துக்கே திருப்பி எறிந்துவிட வேண்டும். எறிந்தெறிந்தே வெர்னுக்குத் தோள் தேய்ந்துவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம். கூட்டம் எழுந்து கத்துகிறது. கடலைத் தோலின் நடுவே பந்து வந்து விழுகிறது. "பாத்தியா, மறுபடியும்!" பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பொறுக்கி, பலங்கொண்ட மட்டும் களத்துக்குள் வீசுகிறார் வெர்ன். கத்தல் சட்டென்று அடங்குகிறது. காலரி முழுக்க அவரையே பார்க்கிறது. எதிரே ஸ்கோர் பலகையில், பந்தை அடித்தவனாக, நேற்று இவர்கள் அணியில் சேர்ந்தவனின் பெயர் மின்னுகிறது. "இடது கைக்காரன் வந்துட்டான்யா," என்கிறார் டுவைட், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு. "அஞ்சாவது பிட்சரும் கிடைச்சாச்சு."